தேன்கரட்டுப் பெட்டி

தேன்கரட்டுக்கு ஏறுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இருசாயியிடம் திட்டு வாங்கியாக வேண்டும். கலெக்டரே வந்தாலும் அதே கதிதான். அவள் வாய் அப்படி.

இருசாயிக்கு நாற்பது வயது. கரட்டடியில், அந்தக் குன்றின் அடிவாரத்திலேயே பிறந்தவள். டவுனிலிருந்து கூடாரமும் கையுமாக வருகிறவர்களுக்குக் காட்டில் நடக்க, தங்க, உருப்படியாக வீடு திரும்பச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அவளிடம் பாடம் கேட்டவர்களிலேயே மூத்தவர் தெய்வசிகாமணி. அறுபத்தொரு வயது. பத்திரப்பதிவு ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியும் ரப்பர் செருப்புமாக வந்து நின்றார்.

"ஏனுங்கய்யா, இந்தச் செருப்போடவா காட்டுக்கு வந்தீங்க?"

"ஆமாம்மா."

"பாம்புக்கு விருந்து வைக்கணும்னு வேண்டுதலா?"

மறுவாரம் கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளை பேண்ட் போட்டு, அதன் கால்களை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டார். வெள்ளைத் துணியில் உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தாள்.

"எல்லா உண்ணியும் தெரியுமா?" என்று கேட்டார்.

"மாட்டு உண்ணி தெரியும். புல்லுல இருக்கிற பொடி உண்ணி தெரியாது. கடிச்சா வலிக்கவும் வலிக்காது. அதான் புல்லுல உக்காராதீங்கன்னு கத்தறேன். எந்திரிங்க!"

அவர் எழுந்துகொண்டார். அவர் உட்கார்ந்திருந்தது புல்லில்தான்.

ஆறு மாதம் விடாமல் வந்தார். திட்டு வாங்கினார், கற்றுக்கொண்டார். கூடாரம் போட ஒரு நாள் இடம் பார்க்கச் சொன்னாள். நல்ல சமமான மணல் தரையாகப் பார்த்துக் காட்டினார்.

"அது ஓடை. மேல மழை பிடிச்சா நீங்க கூடாரத்தோட ஊர் போய்ச் சேரலாம். பஸ்ஸே வேண்டாம்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகாது. இருசாயி அதை முதல் நாளே கவனித்திருந்தாள். கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஒருநாள் அடிவாரத்துக்கு இறங்கி வந்ததும் அவராகவே ஆரம்பித்தார்.

"உச்சியில ஒரு பெட்டி இருக்காமே?"

அது ஒரு விளையாட்டு. யாராவது ஒருவர் காட்டில் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தின் அடையாள எண்ணை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடி வருவார்கள். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கிற நோட்டில் பேரை எழுதிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். இதற்காகவே தேன்கரட்டுக்கு மாதம் நாலு பேராவது வருவார்கள்.

"இருக்கு. எதுக்குக் கேக்கறீங்க?"

"நான் அதைப் பாக்கணும்."

"பாத்து?"

"சும்மா. ஒரு ஆசை."



"அந்தக் கடைசிப் பாடத்தைச் சொல்லுங்க. கூட்டிட்டுப் போறேன்."

அவர் முகம் சுண்டிப்போனது.

இருசாயியிடம் ஒரு வழக்கம் உண்டு. கரட்டை விட்டு இறங்கியதும் அடிவாரத்துக் குழாயடியில் எல்லாரையும் நிற்கவைப்பாள். ஒருத்தர் கழுத்தை, காதுமடலின் பின்பக்கத்தை இன்னொருத்தர் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் தேய்த்துக் குளிக்க வேண்டும், போட்டிருந்த துணியை வெந்நீரில் போட வேண்டும். இதெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒவ்வொருவரும் சத்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

"நான் காட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், டாக்டரிடம் பேரைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும். நாக்குக்குப் பழகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோலக் கத்திவிட்டுப் போவார்கள். தெய்வசிகாமணி மட்டும் அந்த நேரம் பார்த்துக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். ஆறு மாதமாக அவர் வாயிலிருந்து அது வரவே இல்லை.

"வேற எதை வேணா கேளும்மா. மனப்பாடமா சொல்றேன். இது ஒண்ணு வேண்டாம்."

"எல்லாத்தையும் கத்துக்கிட்டு இதை விட்டா, நீங்க ஒண்ணுமே கத்துக்கலை."

"வாக்கியத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைன்னா சொல்லிட வேண்டியதுதானே?"

மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவர் குழாய் மேடையில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். அந்த வாக்கியம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இருசாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பெட்டியை வச்சது என் பொண்ணு," என்றார்.

இருசாயி தடியைக் கீழே வைத்தாள்.

"பூங்கோதை. இருபத்தாறு வயசு. தாயில்லாப் பொண்ணு. ஆபீஸ் சிநேகிதங்களோட ரெண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கப்போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தா. மறைக்கவே இல்லை. ஆம்பளைப் பசங்களும் வர்றாங்கன்னும் சொன்னா. நான்தான், இதை வெளிய யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். கல்யாணம் நிச்சயம் பண்ணியிருந்தோம்."

"ம்."

"திரும்பி வந்து பத்து நாள்ல காய்ச்சல். ஆஸ்பத்திரியில சேத்தேன். டாக்டர் வந்தார். காடு, மலை, தோட்டம், எங்கயாவது போனாளான்னு கேட்டார். அவளுக்குப் பேச்சு குழறிப்போச்சு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையோட அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. ஆப்பிள் வாங்கிட்டுப் பாக்க வந்திருந்தாங்க."

அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லீங்க டாக்டர், ஆபீஸ் விட்டா வீடு, வீடு விட்டா ஆபீஸ்னு சொன்னேன். பெருமையா வேற சொன்னேன். அப்புறமும் டாக்டர் ரூமுக்குத் தனியாப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கால் வரலை. சொன்னதை மாத்திச் சொன்னா என்ன நினைப்பாரோன்னு இருந்துட்டேன். மூணாம் நாள் நர்ஸம்மா உடம்பு துடைக்கத் திருப்பினப்போ இடுப்புல கறுப்பா ஒரு பொருக்கைப் பாத்தாங்க. சிகரெட்டால சுட்ட மாதிரி. உண்ணிக் காய்ச்சல்னு உடனே கண்டுபிடிச்சுட்டாங்க. சாதாரண மாத்திரைதானாம். முதல் நாளே குடுத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னார். அஞ்சாம் நாள் போயிட்டா."

எதிரே சாலையில் ஒரு பால் வண்டி போனது.

"நீங்க சொல்லுங்கம்மா. அவளைக் கொன்னது உண்ணியா, நானா?"

'நீங்க இல்லை' என்று அவள் சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். தங்கை சொல்லியிருக்கிறாள், அக்கம்பக்கம் சொல்லியிருக்கிறது, விதி என்று எல்லாருமே சொல்லியிருக்கிறார்கள். இருசாயி சொல்லவில்லை. அவருக்குக் கோபம்கூட வந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும்?

அவள் கரட்டு உச்சியைப் பார்த்தாள்.

"பூங்கோதையை மேல கூட்டிட்டுப் போனது நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாக்ஸைச் செருகச் சொன்னேன், செருகினா. பாறை இடுக்குல கைய விடறதுக்கு முன்னால குச்சிய விடச் சொன்னேன், விட்டா. சொன்னதுல ஒண்ணைக்கூட அந்தப் புள்ள தப்பா செய்யலை. அப்ப இந்த வாக்கியம் என்கிட்ட கிடையாது. டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்னு நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவ செத்த சேதி வந்த பிறகுதான் சொல்லிக்கொடுக்கறேன்."

சொல்லிவிட்டு எழுந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. தடியை எடுத்துக்கொண்டாள்.

"வாங்க போலாம்."

"நான் இன்னும் அதைச் சொல்லலையே."

"வாங்கய்யா."

ஏறினார்கள். அன்றைக்கு ஒரு திட்டுகூட இல்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. உச்சியில் இரண்டு பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. நடுவில் ஒரு சந்து. அதைப் பார்த்ததும் தெய்வசிகாமணி கற்றதையெல்லாம் மறந்து பாய்ந்து கையை நீட்டினார். இருசாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தடியை உள்ளே விட்டு நாலு தட்டுத் தட்டினாள். தேள் ஒன்று வெளியே வந்து, அவசரமில்லாமல் அடுத்த பாறைக்குள் போனது. பிறகுதான் அவர் கையை விட்டாள்.

பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும். முதல் பக்கத்தில் பூங்கோதையின் கையெழுத்து.

'கண்டுபிடிச்சுட்டீங்களா? சபாஷ்! பேரை எழுதிட்டு, அடுத்தவங்களுக்காகப் பெட்டியை அதே இடத்துல வைங்க.'

அதற்குப் பிறகு வரிசையாகப் பேர்கள். சேலம், ஓசூர், பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். போன வாரத் தேதியில்கூட இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவர் அந்த முதல் பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடட்டுமா?"

"கூடாது."

"என் பொண்ணு எழுதினதும்மா."

"வர்றவங்களுக்கு எழுதினது. அடுத்த வாரமும் வருவாங்க. அதுக்கடுத்த வாரமும் வருவாங்க."

அவர் மெல்ல நோட்டைக் கீழே இறக்கினார். கடைசிப் பேருக்குக் கீழே வெறும் தாள் இருந்தது. இருசாயி பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் தன் பேரை எழுதினார். முப்பத்தைந்து வருடம் பதிவேடு எழுதிய கை, எழுத்து மட்டும் கோணவில்லை. எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"பேரைத்தான் எழுதிட்டேனே?"

"பேரை எல்லாரும் எழுதறாங்க."

"வேற என்ன எழுதணும்?"

"டாக்டர்கிட்ட சொல்லாம விட்டதை எழுதுங்க," என்றாள் இருசாயி.