பிறை பார்த்து வாடிய மல்லிகை

பங்குனி வெயில் கொளுத்திய ஒரு நாள். அம்மனுக்கு மாலை கட்ட நந்தவனத்தில் ஒரு மல்லிகை அரும்புகூட இல்லை என்ற சேதி கேட்டு, செம்பியூர் ராஜா கொதித்துப்போனார்.

நந்தவனக்காரி செல்லாத்தா கைகூப்பி நின்றாள். "மகாராஜா, தேய்பிறை முழுக்கச் செடிக்குத் தண்ணீர் காட்டக் கூடாதுன்னு ஜோசியர்தான் சொன்னார். வெயில் தாங்காதுன்னு கெஞ்சினேன். கேட்கலையே!"

ஜோசியர் உத்தண்டருக்கு வயிற்றில் இருந்த கனம் தலையில் கிடையாது. "நிலா தேயும்போது வேர் தூங்கும்! தூங்குகிறவனுக்கு யாராவது தண்ணீர் கொடுப்பார்களா? இவள் தேய்பிறையில் நட்டிருப்பாள், அதுதான் வாடியது. செடியைப் பார்த்தமாத்திரத்தில், எந்தப் பிறையில் போட்டதென்று சொல்வேன் நான்!"

ராஜாவும் தலையாட்டினார். "செல்லாத்தா, நாளைக்கே ஊரைவிட்டுப் போ."

அவளுக்கு இருந்தது நந்தவனத்துக் குடிசை ஒன்றுதான். 'தாயே, நீயே கேளம்மா' என்று மனசுக்குள் அழுதாள்.

மந்திரி குழந்தைவேலர் எழுந்தார். "அரசே, பதினைந்து நாள் பொறுங்கள். ஜோசியரின் வித்தையைச் சபையும் பார்க்கட்டும்."

வெளியே வந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அழுத முகத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பதினைந்து நாள் கழித்து, சபையில் இரண்டு தொட்டி கீரை வந்து இறங்கியது. ஒன்று தளதளவென்று இருந்தது. மற்றது சுருண்டு கிடந்தது.

"எது எந்தப் பிறையில் விதைத்தது? சொல்லுங்கள் ஜோசியரே" என்றார் குழந்தைவேலர்.

உத்தண்டர் தாடியைத் தடவினார். "இதென்ன பிரமாதம்? செழித்தது வளர்பிறை விதைப்பு. செத்தது தேய்பிறை விதைப்பு. சந்தேகமே இல்லை!"

"செல்லாத்தா, நீ சொல்லம்மா."

"ரெண்டும் ஒரே காலையில, ஒரே கையால தூவினது, மகாராஜா. முளைச்ச பிறகு ஒண்ணுக்குத் தண்ணி ஊத்தினேன். இன்னொண்ணை, ஜோசியர் சொன்னபடி தூங்க விட்டுட்டேன்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செல்லாத்தாவுக்குப் பட்டுச் சேலை கொடுத்து, நந்தவனம் ஆயுசுக்கும் அவள் பொறுப்பு என்றார்.

"உத்தண்டரே, இந்தக் கோடை முடியும்வரை நந்தவனத்துக்குத் தண்ணீர் சுமப்பது உம்முடைய வேலை!"

உத்தண்டர் முகம் வெளிறிப்போய் முணுமுணுத்தார். "அரசே, இன்றைக்குப் பிரதமை. எதையும் தொடங்க ஆகாத நாள். நாளைக்கு நல்ல நேரம் பார்த்து..."

குழந்தைவேலர் குடத்தை அவர் தோளில் ஏற்றினார். "செடிக்குத் தாகம் இன்றைக்கு ஐயா. நடங்கள்!"