லாடப்பிடி

"எனக்கும் மற்போர் கற்றுக்கொடுங்கள் சாமி" என்று மறுபடியும் வந்து நின்றான், மாடுகளுக்கு லாடம் அடிக்கும் சடையன்.

அரண்மனைப் பயில்வான் மல்லப்பராயன் மீசையை முறுக்கினான். "முதலில் என்னைச் சாய்த்துக் காட்டடா! முடியாவிட்டால் ஊரைவிட்டே ஓடு!"

பாளையக்காரர் முன்னிலையில் சடையன் கோதாவில் இறங்கினான். பயில்வானின் கழுத்தைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தான். பயில்வான் உறுமிக்கொண்டு வலப்பக்கம் திமிறினான். சடையன் சட்டென்று அந்தப் பக்கமே தள்ளி அவன் காலை மடக்கினான். பயில்வான் தொப்பென்று மண்ணில் விழுந்தான்.

பாளையக்காரர் வாய்பிளந்தார். "யாரிடமடா கற்றாய்?"

"லாடம் அடிக்கத் தினமும் மாட்டை இப்படித்தான் சாய்க்கிறேன், மகாராஜா. ஆனால் மாடு விழுவதற்கு முன்னால் இவ்வளவு பேசாது."

இன்றும் அந்தக் கோதாவில் முதல் பாடம் லாடப்பிடிதான். அதை வாயை மூடிக்கொண்டுதான் கற்க வேண்டும்.