வாலின் மேல் உட்கார்ந்த அணில்கள்

ஒரு பெரிய ஏரிக்கரையில் மருத மரம் ஒன்று நின்றது. அதன் பொந்தில் கொறியன் என்ற அணிலும் அவன் மனைவி மருதியும் குடியிருந்தார்கள். மருதியின் தங்கை தும்பைக்கு ஏரிக்குள் இருந்த மேட்டில், ஒரு நாவல் மரத்தில் வீடு. கோடையில் அந்த மேட்டுக்கு ஓடியே போய்விடலாம். அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பி, மேடு தீவாகிவிட்டது.

தும்பைக்கோ தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது!

அணில்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்கைக்குக் குட்டி பிறந்தால் அக்காதான் இலவம்பஞ்சு கொண்டுபோய் முதல் மெத்தை போட வேண்டும். மருதி பஞ்சை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். தினமும் கிளை நுனியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடே இறங்கவில்லை.

கொறியனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கீழே கிடந்த தென்னம்பாளை ஒன்றை இழுத்து வந்தான். நடுவில் மூங்கில் சிம்பு ஒன்றை நட்டான், அது பாய்மரம். இருப்பதிலேயே பெரிய தேக்கிலையைத் தேடிப் பிடித்து, ஓரமெல்லாம் நார் வைத்துத் தைத்தான், அது பாய். காய்ந்த வாகைக்காயைப் பின்னால் செருகினான், அது படகைத் திருப்பும் சுக்கான். பதினைந்து நாள் வேலை. நாரைக் கடித்துக் கடித்துப் பல்லெல்லாம் கூசிப்போனது.

"மருதி! சீக்கிரம் வா! உன் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

மருதிக்குக் கண் நிறைந்துவிட்டது. படகைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "பாய் ரொம்பப் பெருசா இருக்கேங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பெருசா இருந்தாத்தானே வேகமாப் போகலாம்! ஒன்பது முடிச்சு போட்டிருக்கேன். புயலே அடிச்சாலும் அவிழாது!"

புயல் அடித்தால் பாய் அவிழத்தான் வேண்டும் என்பது பாவம், அவனுக்குத் தெரியாது. படகு கட்டத் தெரிந்தவனுக்கெல்லாம் படகு ஓட்டத் தெரிந்துவிடுமா என்ன?

மறுநாள் காலை ஒரு நீர்க்காகம் பறந்து வந்தது. "தும்பைக்கு மூணு குட்டி பிறந்திருக்கு!" என்று சேதி சொல்லிவிட்டுப் போனது. அவ்வளவுதான்! பஞ்சு மூட்டை படகில் ஏறியது. மருதியும் ஏறினாள். கொறியன் சுக்கானைப் பிடித்தான். இளங்காற்றில் பாய் விரிந்தது. புதுப் படகு சளசளவென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

பாதி ஏரி தாண்டும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வடக்கே வானம் கறுத்தது. வாடைக்காற்று ஹோவென்று இறங்கியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அணிலுக்கு ஒரு சங்கடம் உண்டு. பயம் வந்தால் முகத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம். வாலைச் சமாளிக்க முடியாது. அது தன்பாட்டுக்குப் புசுபுசுவென்று உப்பிவிடும்.

மருதியின் வால் உப்பியது. ஆனால் பல் கூசக் கூச உழைத்தவரிடம், "உங்க படகுல எனக்குப் பயமா இருக்கு" என்று எப்படிச் சொல்வது? அந்த முகம் வாடிப்போகுமே! அவள் சட்டென்று வாலை அடியில் இழுத்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஏரி நடுவே இருந்த பட்டமரத்திலிருந்து அதே நீர்க்காகம் கத்தியது.

"ஏய் கொறியா! பாயை இறக்கு! காத்து இன்னும் பெருசா வருது!"

கொறியன் மருதியைப் பார்த்தான். "பயமா இருக்கா மருதி? இறக்கிடவா?"

"எனக்கென்ன பயம்! உங்களுக்கு?"

"எனக்கா? நல்லாக் கேட்டே போ!"

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பாய் அப்படியே நின்றது. நீர்க்காகம் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

சொன்னபடியே காற்று பெரிதாக வந்தது. அலை ஏறிப் படகுக்குள் விழுந்தது. மருதி பஞ்சு மூட்டையை அவிழ்த்தாள். பஞ்சால் தண்ணீரை ஒற்றி ஒற்றி வெளியே பிழிந்தாள். தங்கைக்கு என்று சேர்த்த பஞ்சு! இருந்தும் பிழிந்தாள். பிழியப் பிழியத் தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அடுத்த வீச்சில் படகு தலைகுப்புறக் கவிழப் பார்த்தது. மருதி சறுக்கினாள். கால் விளிம்பைத் தாண்டிவிட்டது. கொறியன் துள்ளி எழுந்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

அவன் எழுந்தபோதுதான் மருதி பார்த்தாள். அவன் வால் பலாப்பிஞ்சு மாதிரி உப்பிக் கிடந்தது. இவ்வளவு நேரம் அவனும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறான்!

"ஏங்க! உங்க வாலு!"

கொறியன் தலையைக் குனிந்தான். "நீர்க்காகம் சொல்றதுக்கு முன்னாலேயே உப்பிடுச்சு, மருதி."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"எத்தனை நாளா சாப்பிடாம உன் தங்கச்சியையே நினைச்சுட்டு இருந்தே! நானே பயந்தா, நீ எப்படி அவளைப் பார்ப்பே?"

மருதி தன் வாலைத் தூக்கிக் காட்டினாள். அது அவனுடையதைவிடப் பெரிதாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கும் பயமா இருக்குங்க! ரொம்பப் பயமா இருக்கு! பாயை இறக்குங்க!"

கொறியன் முடிச்சுக்குப் பாய்ந்தான். நார் நனைந்து ஊறி, ஒன்பது முடிச்சும் கல்லாக இறுகியிருந்தது. "அவிழ மாட்டேங்குதே!"

"கடிச்சிடவா?"

கொறியன் தன் பாயை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். "கடி!"

மருதி ஒரு பக்கம் கடித்தாள். அவன் மறுபக்கம் கடித்தான். கடைசி நார் அறுந்ததும் தேக்கிலை பிய்த்துக்கொண்டு பறந்தது. படகு சட்டென்று நிமிர்ந்தது.

பிழைத்தோம் என்று மூச்சு விட்டார்கள். ஆனால் பாய் போனதும் படகு நகரவில்லை. நகராத படகு சுக்கானுக்குக் கட்டுப்படுமா? அது அலைக்குப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு தடுமாறியது.

"துளியூண்டு பாய் இருந்தாப் போதும்! படகு திரும்பிடும்!" என்றான் கொறியன்.

மருதி திரும்பித் தன் வாலைப் பார்த்தாள். அவன் வாலையும் பார்த்தாள்.

"ரெண்டு இருக்கே!"

மருதி பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி வாலை நிமிர்த்தினாள். கொறியனும் சுக்கானை விடாமல் தன் வாலை நிமிர்த்தினான். பயத்தில் உப்பிய இரண்டு வால்களிலும் காற்று பிடித்தது. படகு மெல்ல நகர்ந்தது. சுக்கான் சொன்னதைக் கேட்டது. ஒவ்வொரு அலையாக ஏறி இறங்கி, பொழுது சாய்வதற்குள் படகு மேட்டில் போய் முட்டியது.

தும்பை ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். பொந்துக்குள் மூன்று குட்டிகள், முடிகூட முளைக்காமல், குளிரில் நெளிந்துகொண்டிருந்தன. மருதி கையை விரித்தாள். "பஞ்சு எல்லாம் நனைஞ்சு வீணாப் போச்சு, தும்பை. மெத்தை போட ஒண்ணுமே கொண்டுவரலை."

"அட, இது என்னக்கா?" என்று தும்பை அவர்களுடைய வால்களைத் தொட்டுப் பார்த்தாள். காற்றிலேயே காய்ந்து, அவை இன்னும் உப்பித்தான் இருந்தன.

அன்று மூன்று குட்டிகளும் பெரியம்மா வாலுக்கும் பெரியப்பா வாலுக்கும் நடுவில் படுத்துச் சுகமாகத் தூங்கின.

மழை விட்ட பிறகு கொறியன் சின்னதாக ஒரு பாய் தைத்தான். இழுத்தால் அவிழும்படி ஒரே ஒரு முடிச்சு போட்டான். அதற்கப்புறம் எப்போது படகு ஏறினாலும், "எங்கே, வாலைக் காட்டு!" என்று ஒருவரை ஒருவர் கேட்காமல் அவர்கள் படகைக் கரையில் கட்டிய கயிற்றை அவிழ்ப்பதில்லை.

நம்மேல் உயிரை வைத்திருப்பவரிடம் நம் பயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டால், இருவரும் சேர்ந்து கரையேறிவிடலாம்.