ஆற்றுக்கு ஏங்கிய நீர்நாய்

ஒரு காட்டாற்றின் கரையில், மருதமர வேர்களுக்கு அடியில் இருந்த பொந்தில், சுழலி என்ற நீர்நாய் வாழ்ந்து வந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். இரண்டும் ஆறு வற்றிய பிறகு பிறந்தவை. ஓடுகிற தண்ணீரை அவை பார்த்ததே இல்லை.

பங்குனியில் ஆறு முழுக்க மணல். பொந்துக்குக் கீழே ஒரே ஒரு குட்டை. அதில் சேறும் நாலைந்து கெளுத்தி மீன்களும்தான் மிச்சம். சுழலி அந்தச் சேற்றில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொள்ளும். கண்ணை மூடினால், முதுகின் மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடுவது போல இருக்கும். கண்ணைத் திறந்தால் வெயில்.

மணலில் ஓர் ஆட்காட்டிக் குருவி நாலு முட்டையிட்டு அடைகாத்து வந்தது. ஒருநாள் நண்பகலில் அது உயரப் பறந்து பார்த்துவிட்டு வேகமாக இறங்கியது.

"அக்கா, மேற்கே மலை கறுத்துக் கிடக்கு. அங்கே மழை கொட்டுது. பொழுது சாயறதுக்குள்ள இங்கே வெள்ளம் வந்துடும். குட்டிகளோட மேட்டுப் பாறைக்குப் போயிடு."

சுழலியின் காதில் 'வந்துடும்' என்பது மட்டும்தான் விழுந்தது.

"ஆறு வருதா?"

"ஆறு இல்லக்கா, வெள்ளம்."

"எல்லாம் தண்ணிதானே. நாலு மாசமா காத்துக் கிடக்கேன். அது வரும்போது நான் இங்கே இருக்க வேணாமா? முதல் தண்ணியிலேயே என் குட்டிகளை இறக்கப் போறேன்."

ஆட்காட்டி தன் முட்டைகளிடம் திரும்பிப் போனது.

இங்கே ஒரு துளி மழை இல்லை. வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து புதுத் தண்ணீரின் வாசம் வந்தது. சுழலி குட்டிகளைக் கூட்டிவந்து மணலில் உட்கார வைத்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் மெல்ல வந்தது. சுழலியின் காலைத் தொட்டது. என்ன குளிர்ச்சி!

அப்போது ஆட்காட்டி அலறியது.

அது ஆற்றின் நடுவே பள்ளத்து மணலில் சிறகை விரித்து முட்டைகளின் மேல் நின்றிருந்தது. தண்ணீர் அதன் மார்பு வரை ஏறிவிட்டது. ஒவ்வொன்றாக நாலு முட்டைகளும் போயின. அது எழும்பி, சுழலியின் தலைக்கு மேலே வந்தது.

"என் முட்டைகளை என்னால தூக்க முடியலக்கா. உன் குட்டிகளை உன்னால தூக்க முடியும். தூக்கு."

சுழலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பாறைக்கு ஓடியது. திரும்பி வந்தபோது மணலைக் காணவில்லை. மரக்கட்டைகள் உருண்டு வந்தன. இன்னொரு குட்டி மருதமர வேரைப் பற்றிக்கொண்டு கத்தியது. சுழலி நீந்திப் போய் அதன் பிடரியைக் கவ்வியது. உடம்பெல்லாம் தண்ணீர், ஏங்கிக் கிடந்த அதே தண்ணீர். அதை உதைத்துத் தள்ளிக்கொண்டு கரையேறியது. பின்னால் பொந்து இடிந்து விழுந்தது.

பாறை மேல் நின்று ஒரு குட்டி கேட்டது: "அம்மா, நீ சொன்ன ஆறு இதுதானா?"

"இதுதான்."

"இறங்கலாமா?"

சுழலி உருண்டு போகிற மரக்கட்டைகளைப் பார்த்தது. "இன்னிக்கு வேணாம்" என்றது.

பாறையின் ஓரத்தில் ஆட்காட்டி தனியாக உட்கார்ந்திருந்தது. சுழலி அருகே போய் உட்கார்ந்தது.

நாலாம் நாள் காலையில் கலங்கல் தெளிந்தது. சுழலி முதலில் தான் இறங்கி, தண்ணீர் இழுக்கிற இழுப்பைப் பார்த்தது. பிறகுதான் குட்டிகளைக் கூப்பிட்டது.

எவ்வளவு ஏங்கிக் காத்திருந்த ஒன்று வந்தாலும், அது எப்படி வருகிறது என்று பார்த்த பிறகே அதில் இறங்க வேண்டும்.