கதையை வெளியே சொல்லாத நாலு பேர்

தும்பலூரில் சினிமா பார்க்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பார்த்த படத்தைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கிறவர்கள் நாலே பேர்தான். அந்த நாலு பேரும் யோசிக்காமல் இருந்தால் ஊருக்கு நல்லது என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாலு பேருமே எனக்கு வேண்டியவர்கள்.

அவர்கள் வைத்திருந்த சங்கத்துக்குத் திரை ரசனை மன்றம் என்று பெயர். ஞாயிறு காலை பத்து மணிக்கு மாசானத்தின் வெல்டிங் பட்டறையில் கூடுவார்கள். தலைவர் ஆவுடையப்பன், அரிசி ஆலையில் மூட்டை எடை போடுகிறவர். பேச்சித்தாய் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவள். குத்தாலிங்கம் பேருந்து நிலையத்தில் பஸ் வருகிற நேரத்தை எழுதி வைக்கிறவர். பட்டறைக்காரன் என்பதால் மாசானத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எந்தப் படத்துக்குப் போகும் முன்பும் போனில் நாலைந்து விமர்சனம் கேட்பார்கள். கேட்டதை அப்படியே கடைப்பிடிப்பார்கள். ஒரு பேய்ப் படத்தை, ‘சீட் நுனியில் உட்கார வைக்கும் படம்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். நால்வரும் முதல் ரீலிலிருந்தே நுனியில் உட்கார்ந்தார்கள். பெரியசெல்வி தியேட்டர் நாற்காலிகள் நுனியில் உட்காருவதற்காகச் செய்தவை அல்ல. பேய் வருவதற்குள் வரிசையே கவிழ்ந்தது. அந்த வாரம் மன்றத்தின் கருத்து இதுதான்: “நாம உட்கார்ந்தோம். படம்தான் உட்கார வைக்கல.”

இன்னொரு படத்துக்கு, ‘மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் ரசிக்கலாம்’ என்று விமர்சனம் வந்தது. அதைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

“கழட்டுறது கிடக்கட்டும் அண்ணாச்சி, எங்க வைக்கிறது?” என்றான் மாசானம். “ஹெல்மெட்டு காணாமப் போனாலே நிர்வாகம் பொறுப்பில்லன்னு சைக்கிள் ஸ்டாண்டுல எழுதிப் போட்டிருக்கான்.”

“எங்கிட்ட மூடி போட்ட அண்டா இருக்கு” என்றாள் பேச்சித்தாய். “ஆனா இது முகூர்த்த மாசம். யாராச்சும் வந்து கேட்டா ஞாபகமில்லாம தூக்கிக் கொடுத்திருவேன்.”

“எனக்கு அந்தக் கவலை இல்ல” என்றார் குத்தாலிங்கம். “படத்துக்குப் போகையில நான் ஒண்ணும் கொண்டு போறதில்ல.”

வைக்க இடமில்லாததால் மன்றம் அந்தப் படத்துக்குப் போகவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஞானதிரவியம் ஊருக்கு வந்தான். தும்பலூர்க்காரன். சென்னையில் பன்னிரண்டு வருஷம் உதவி இயக்குநராக இருந்து, கிளாப் கட்டை அடித்து அடித்துக் கை காய்த்துப்போனவன். கடைசியில் ‘எட்டாம் படிக்கட்டு’ என்று சொந்தமாக ஒரு படம் எடுத்துவிட்டான். பெரிய ஊர்களில் காலைக் காட்சி மட்டும் கொடுத்தார்கள். சொந்த ஊரில் தினம் மூன்று காட்சி கிடைத்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை தானே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போஸ்டர் ஒட்டினான்.

தியேட்டர் மேனேஜர் சண்முகையா நல்ல மனுஷன்தான். ஆனாலும் சொல்லிவிட்டார். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன் தம்பி. கூட்டம் வரலேன்னா திங்கக்கிழமை வேற படம்.”

ஊரில் சினிமா பற்றி வாய் திறக்கிறவர்கள் இந்த நாலு பேர்தான் என்பதால் ஞானதிரவியம் நேரே பட்டறைக்கு வந்து நால்வரையும் வரவழைத்தான்.

“அண்ணாச்சி, நீங்கதான் கைகொடுக்கணும். ரெண்டே விஷயம். கேமராக்காரங்க வந்து படம் எப்படின்னு கேட்டா நல்ல வார்த்தை நாலு சொல்லுங்க. இன்னொண்ணு, கொலைகாரன் யாருங்கறதுதான் இந்தப் படத்தோட உயிரே. அதனால கதையை மட்டும் வெளிய சொல்லிராதீங்க.”

ஆவுடையப்பன் எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, சத்தமாக ஒரு தடவை படித்தார். “நல்ல வார்த்தை நாலு. கதையை வெளிய சொல்லக் கூடாது. சரிதானே தம்பி?”

“அவ்வளவுதான்” என்றான் அவன். பாவம், அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மதியக் காட்சிக்கு மொத்தம் ஏழு பேர். மன்றத்தார் நாலு பேர், மின்விசிறிக்காக வந்த இரண்டு பேர், தூங்குவதற்காக வந்தவர் ஒருவர். படத்தில் ஒரு பழைய பங்களாவின் எட்டாம் படிக்கட்டில் வரிசையாகக் கொலை விழுகிறது. கடைசிக் காட்சியில்தான் கொலைகாரன் தபால்காரன் என்று தெரிகிறது. மாசானத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேச்சித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உண்மையிலேயே நல்ல படம்தான். அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

வெளியே வந்தால் யூடியூப்காரர் ஒருவர் மைக்கோடு நின்றுகொண்டிருந்தார். நால்வரும் சுவரோரம் ஒதுங்கி ஆலோசித்தார்கள்.

“நாலு வார்த்தை, நாலு பேர். ஆளுக்கு ஒண்ணு” என்றார் ஆவுடையப்பன். “நல்ல வார்த்தையா இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க.”

“படம் எப்படி இருக்கு சார்?” என்று மைக் நீண்டது.

“அன்பு” என்றார் ஆவுடையப்பன்.

“பொறுமை” என்றார் குத்தாலிங்கம்.

“ஒழுக்கம்” என்றாள் பேச்சித்தாய்.

அடுத்தது மாசானம். நினைத்து வைத்திருந்த மூன்றையும் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மைக் மூக்கைத் தொட்டபோது, “பாயசம்” என்றான்.

பாயசம் நல்ல வார்த்தைதானா என்று வழி நெடுகச் சண்டை. “பாயசத்துல என்னவே கெட்டது கண்டீர்?” என்று மாசானம் கேட்டுக்கொண்டே வந்தான். அந்தக் காட்சி போன் போனாகப் பரவியது. கொலைப் படம் பார்த்துவிட்டு ஒருவன் ஏன் பாயசம் என்கிறான் என்று ஊரே குழம்பியது.

அந்தக் குழப்பம்தான் நல்லதாய்ப் போயிற்று. சனிக்கிழமை காலையிலிருந்து ஆட்கள் நால்வரையும் மடக்கிக் கேட்க ஆரம்பித்தார்கள். “படத்துல என்னதான் கதை?”

“வெளிய சொல்லக் கூடாது” என்றார் ஆவுடையப்பன். “கேக்கணும்னா உள்ள வாங்க.”

டிக்கெட் எடுத்துக்கொண்டு எல்லோரும் உள்ளே வந்தார்கள். மதியக் காட்சிக்கு முன்வரிசை வரை நிரம்பிவிட்டது. சண்முகையா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஞானதிரவியம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான். பன்னிரண்டு வருஷமாக அவன் மனசுக்குள் பார்த்துவந்த கூட்டம் அது. அவனுக்குக் கண் கலங்கியது.

விளக்கு அணையும் முன் ஆவுடையப்பன் திரைக்கு முன்னால் ஏறி நின்றார்.

“இது உள்ளதானே மதினி?” என்று பேச்சித்தாயிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. “உள்ளதான் அண்ணாச்சி” என்றாள்.

அவர் கதையை ஆரம்பித்தார். ஒன்று சொல்ல வேண்டும், மனுஷன் நன்றாகச் சொன்னார். முதல் கொலைக்குக் குத்தாலிங்கம் பலகையைத் தட்டி இடி கொடுத்தார். மூன்றாவது கொலைக்கு மாசானமே படியில் உருண்டான். இருபது நிமிஷத்தில், “கொலைகாரன் வேற யாருமில்ல, தபால்காரன்தான்” என்று முடித்தபோது கைதட்டல் அடங்கவில்லை. பிறகு எல்லோரும் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கு மேல் படம் ஓடியது. பார்க்க ஞானதிரவியம் மட்டும் இருந்தான்.

இடைவேளையில் அவன் வெளியே வந்தான். நால்வரும் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, கதையைச் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேனே.”

“வெளியதானே தம்பி சொல்லக் கூடாதுன்னீங்க. கேட்டுப் பாருங்க, வெளிய ஒரு வார்த்தை விட்டிருந்தா எங்களைச் செருப்பால அடிங்க. என் வீட்டுக்காரி கேட்டும் சொல்லல. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா.”

அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட யாராலும் முடியாது. ஞானதிரவியம் ஒரு முறுக்கை வாங்கிக் கடித்தான். கடித்தபடி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டும் கேட்காமல், ஊர் விருப்பத்துக்காக மூன்று காட்சியிலும் கதை சொன்னார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. ஊர் மக்கள் கருத்தும் சொன்னார்கள். ‘ஆவுடையப்பன் வரைக்கும் பிரமாதம், அதுக்கப்புறம் படம்னு ஒண்ணு போடுறாங்க பாரு, அதுதான் இழுவை’ என்றார்கள். சனிக்கிழமை சாயங்காலமே தும்பலூரின் நிஜத் தபால்காரர், சாதுவான மனுஷர், மூன்று வீட்டுக்கு மணியார்டர் கொண்டுபோனார். எவரும் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

சண்முகையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டம் வருகிறது, படம் பார்க்க ஆளில்லை. வாங்கின டிக்கெட்டுக்கு ரசிகர்கள், “இருபது நிமிஷம்தான் காட்டினீங்க” என்று அவரோடு சண்டைக்கு வந்தார்கள். அவர் வேறு படத்துக்குச் சொல்லிவிட்டார்.

திங்கள் காலை ஞானதிரவியம் பையோடு பட்டறை வாசலில் வந்து நின்றான்.

“படத்தைத் தூக்கிட்டாங்க அண்ணாச்சி. நான் கிளம்புறேன்.”

நால்வரும் எழுந்து நின்றார்கள். அவன் எல்லோர் கையையும் பிடித்துவிட்டு, பஸ் ஏறினான். முன் சீட்டில் இரண்டு பேர் ‘எட்டாம் படிக்கட்டு’ இந்த வருஷத்திலேயே சிறந்த படமா, போன வருஷத்தையும் சேர்த்துச் சிறந்த படமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஞானதிரவியம் எட்டிப் பார்த்து, “நீங்க படம் பார்த்தீங்களா?” என்றான்.

“பார்க்கல” என்றார் ஒருவர். “ஆனா ரெண்டு தடவை கேட்டுட்டோம்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தான் என்று கேள்வி.

இங்கே பட்டறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. “பன்னிரண்டு வருஷ உழைப்பு” என்றார் ஆவுடையப்பன். “எவனோ தூக்கிட்டான். நாம பார்த்துக்கிட்டு இருக்கலாமா?”

நால்வரும் புகார் கொடுக்கப் புறக்காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே எஸ்.ஐ. தமயந்தி தனியாக இருந்தார். ஏட்டு கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

“என்ன காணோம்?” என்றார் எஸ்.ஐ.

“படம் மேடம். ரெண்டேகால் மணி நேரம் இருக்கும்” என்றார் ஆவுடையப்பன்.

தமயந்தி பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்தார். “அடையாளம் ஏதாவது உண்டா?”

“முதல் பாதி நல்ல வேகம்” என்றார் குத்தாலிங்கம். “ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவை. அதனால ரொம்ப தூரம் போயிருக்காது.”

“முதல் பாதி ஆலங்குளம் தாண்டியிருக்கும்” என்றான் மாசானம். “ரெண்டாம் பாதியை இப்பப் போனாக்கூடப் பிடிச்சிரலாம் மேடம்.”

தமயந்தி பொறுமையாக, “கிடைச்சா தகவல் சொல்றேன். எல்லாரும் போயிட்டு வாங்க” என்றார்.

நால்வரும் கும்பிட்டுவிட்டு, தெருமுனை வரை போய்விட்டு, வந்தார்கள்.

“போயிட்டு வந்துட்டோம் மேடம்.”

பதினொரு மணிக்குள் ஆறு தடவை போய்விட்டு வந்தார்கள். ஏழாவது தடவை தமயந்தி, “போங்க” என்று மட்டும் சொன்னார். பேச்சித்தாய்க்கு மனசு நொந்துவிட்டது. ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சேர்க்காமல் விரட்டுகிற இடத்திலிருந்து மரியாதை உள்ளவர்கள் எப்படிக் கிளம்புவது என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் தமயந்தியே தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “சரி, இங்கேயே இருங்க. நான் போயிட்டு வர்றேன்.”

“தாராளமா மேடம். நாங்க பார்த்துக்கிடுதோம்” என்றார் ஆவுடையப்பன்.

கால் மணி நேரம் கழித்து ஒரு பெரியவர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். “ஐயா, என் ஆட்டைக் காணோம்” என்றார்.

ஆவுடையப்பன் அவரை உட்காரச் சொல்லி, எடைச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பேனாவைத் திறந்தார்.

“முதல் பாதி எப்படி இருக்கும்?”

“கறுப்பா இருக்கும் ஐயா.”

“ரெண்டாம் பாதி?”

“முழுக்க வெள்ளை.”

ஆவுடையப்பன் இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, பெரியவரைக் கவலையோடு பார்த்தார்.

“இடைவேளை எங்க வருது?”