காட்டாமல் புதைத்த கோழி

“நம்பினவளே நம்மள ஏமாத்திட்டா என்னம்மா செய்யறது?”

கேட்டவள் வெள்ளையம்மாள். ஏரிக்கரை மடத்து அம்மையாருக்கு நெடுநாள் சிஷ்யை, தலை நரைத்தவள்.

“யார் ஏமாற்றியது?”

“பக்கத்து வீட்டுக் காத்தாயி. என் கருங்கோழியை அவகிட்ட வாரத்துக்கு விட்டிருந்தேன்.”

வாரத்துக்குக் கோழி விடுவது அந்த ஊர் வழக்கம். கோழி ஒருத்தியுடையது, வளர்ப்பவள் மற்றொருத்தி, குஞ்சுகள் பாதிப்பாதி. கோழி செத்துவிட்டால், உடையவளிடம் காட்டிய பிறகே புதைக்கவேண்டும். அறுத்துத் தின்னவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

“காலையில மேஞ்ச கோழி, மத்தியானம் கழுத்து முறுக்கிக்கிட்டுச் செத்துப்போச்சாம். மக வீட்டுக்குப் போன நான் திரும்பறதுக்குள்ள புதைச்சுட்டாளாம். அன்னைக்குச் சாயங்காலம் அவ வீட்டுக் குழம்புல தெருவே மணந்துச்சு.”

“என்ன குழம்பு?”

“கருவாடுன்னு சொன்னாளாம்.”

“உன் மூக்கு என்ன சொன்னது?”

“எனக்குச் சளிம்மா. தெருவுல சொன்னாங்க.”

அம்மையார் சிரிக்கவில்லை.

“இப்போது உனக்கு என்ன வேண்டும்?”

“குழியைத் தோண்டிப் பாக்கணும். நீங்க சாட்சிக்கு வரணும்.”

“கோழி இல்லாவிட்டால்?”

“அவ மூஞ்சியில முழிக்கமாட்டேன்.”

“இருந்துவிட்டால்?”

“சந்தேகம் தீந்துது. பழையபடி இருப்போம்.”

அம்மையார் எழுந்தார். “வா.”

காத்தாயி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. சாமியையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க! என்ன விசேஷம்?”

வெள்ளையம்மாள் வந்த காரியத்தைச் சொன்னாள்.

கீரை ஆய்ந்த கை நின்றது.

“எங்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா.”

“கேட்டா, புதைச்சேன்னுதானே சொல்லுவ?”

காத்தாயி எழுந்தாள். கொல்லைக்கு நடந்து, முருங்கை மரத்தடியைக் காட்டினாள். நாய் கிளறாதபடி அங்கே ஒரு கல் வைத்திருந்தது. மண்வெட்டியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளையம்மாள் கல்லைப் புரட்டித் தோண்டினாள்.

முதலில் சுண்ணாம்பு தெரிந்தது. பிறகு கரிய இறகு. பிறகு, முறுக்கிய கழுத்து. கத்தி படாத கழுத்து.

“இருக்கும்மா! அறுக்கல! முழுசா இருக்கு!”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

“கோவிச்சுக்காதடி காத்தாயி. மனசு கேக்கல, அவ்வளவுதான். அன்னைக்கே காட்டியிருந்தா இந்த வம்பு உண்டா?”

“உங்க வாசல்ல அத்தனை கோழி மேயுது. சீக்குல செத்ததை அங்க தூக்கிட்டு வந்தா, அதுகளுக்கும் தொத்திக்கும். அதான் காட்டாம, சுண்ணாம்பு போட்டுப் புதைச்சேன்.”

வெள்ளையம்மாள் காத்திருந்தாள். அந்தப் பேச்சில் எங்கோ ஓர் ‘அக்கா’ வரவேண்டும். வரவில்லை.

“பாத்தாச்சுங்களா? மூடிட்டுப் போங்க.”

காத்தாயி உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. பகலில் அந்தக் கதவு தாழிட்டிருந்து வெள்ளையம்மாள் ஒருநாளும் கண்டதில்லை.

குழியை மூடினாள். கல்லை வைத்தாள். கதவைப் பார்த்தாள்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பா.”

அம்மையார் ஏரிக்கரைப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்.

“குழிக்குத்தான் சாட்சியாக வந்தேன், வெள்ளையம்மா. கதவை நீ தனியாகத்தான் தட்டவேண்டும்.”