தெருவுக்கே கேட்ட பேரு

ஒரு ஊர்ல ஒரு வைரஸ் இருந்துச்சாம். ம் கொட்டுடி, தூங்கிட்டியா? அதுக்கு வாயில்ல, வயிறில்ல, காலுமில்ல. தனியா ஒரு குட்டி போடக்கூட வக்கில்ல. ஆனா கொழுப்பு மட்டும் நெறைய! பஸ்ல எவனோ ஒருத்தன் "அச்சூ"ன்னு தும்மினான் பாரு, அந்த எச்சில் துளியில தொத்திக்கிட்டு, பக்கத்துல உக்காந்திருந்த குருவம்மா மூக்குக்குள்ள போயிருச்சு.

மூக்குக்குள்ள கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி அறைங்க இருக்கும், செல்லுன்னு பேரு. வைரஸ் ஒண்ணுக்குள்ள புகுந்து, "உன் வேலைய அப்படியே போட்டுட்டு, என்னை மாதிரியே செஞ்சு தள்ளு"ன்னுச்சு. அந்த அசடும் செஞ்சுச்சு. ஒண்ணு நூறாச்சு, நூறு ஆயிரமாச்சு, அப்புறம் டப்புனு அறை வெடிச்சு எல்லாம் வெளிய வந்துச்சுங்க. குருவம்மாவுக்கு மூக்கு சளசளன்னு ஒழுகுது.

அப்போ பாத்து, அவ தம்பி சோலையப்பன் புள்ளைக்குப் பேர் வைக்கிற நாள் வந்துருச்சு. குறைமாசத்துல பொறந்து, ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் காப்பாத்தின புள்ள. அத்தைதானே காதுல மூணு தடவ பேர் சொல்லணும்? அதுக்காக எத்தனை வருஷமா ஏங்கிக் கெடந்தா தெரியுமா!

வாசல் வரைக்கும் வந்தவ நின்னுட்டா. "எனக்குச் சளிடா தம்பி. உள்ள வரமாட்டேன்."

அவனுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. "காதுல தானேக்கா சொல்லப்போற?"

"காதுக்குப் பக்கத்துலதான் மூக்கு இருக்கு, மண்டு! பேசுனாலே தெறிக்கும்டா. அந்தப் பிஞ்சு தாங்குமா?" சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அப்போ உள்ள யாரோ, "சரி, புள்ளையோட சித்தி சொல்லட்டும்"னாங்க. வந்துச்சே குருவம்மாவுக்கு ரோசம்! விடுவிடுன்னு எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போனா. "எல்லாரும் தள்ளி நில்லுங்க!" முந்தானைய இடுப்புல சொருகினா.

"நிறைமதீ...!"

சர்ருனு வைரஸ் கூட்டம் வெளிய பாஞ்சுச்சு. காலு ஏது? பொத்துனு நடுத்தெருவுல விழுந்து வெயில்ல காஞ்சு போச்சு.

"நிறைமதீ...!" அடுத்த கூட்டம். பொத்து!

மூணாவது தடவ தொண்டை கட்டிக்கிச்சு. வாயத் தொறந்தா வெறும் காத்துதான் வருது. ஐயோ, ரெண்டோட நின்னா பேரு வெச்ச மாதிரி ஆகாதே! அப்புறம் எச்சில முழுங்கி, கண்ண இறுக்க மூடி, அடிவயித்துலருந்து காக்கா கத்துற மாதிரி கத்தினா பாரு, "நிறைமதீ...!"

உள்ளேருந்து "ங்ஙா!"ன்னு ஒரு சத்தம்.

சோலையப்பன் வெளிய ஓடியாந்தான். "அக்கா, உனக்குத்தான் பதில் சொல்றா!" குருவம்மா அங்கேயே மண்ணுல உக்காந்துட்டா. அழுகுறா, சிரிக்குறா, மூக்கையும் சிந்துறா.

புள்ளைக்குப் பேரு ஒட்டிக்கிச்சு, சளி ஒட்டல. கதையும் ஆச்சு, கண்ண மூடு.